அந்த ஓடை தானாக வரவில்லை

1

முதலில் நான் என்னென்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு தகரப்பெட்டியோடு சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவன் நான். மண்டபம் கேம்ப்பில் சோற்றுக்கு வரிசையில் நின்றவன். அங்கிருந்து என்னையும் அப்பனையும் இந்தக் கொடைக்கானல் மலைக்கு ஏற்றிவிட்டார்கள். சீகை மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற காண்ட்ராக்டரிடம் வேலை. காட்டுக்குள்ளே படங்குக் கூடாரம், ஈர விறகு, ஒரே கம்பளி. அப்படி வந்த மாரிமுத்து இன்றைக்கு அட்டுவம்பட்டியில் சொந்தக் கல்வீட்டில் இருக்கிறேன். மேலே வாடகைக்கு விட ஒரு மாடி. இந்த ஊரில் ரோட்டோரம் நிற்கிற கல்கட்டுச் சுவர்களில் பாதி என் கை பட்டவை. ரோடே சரிந்த மழையிலும் நான் கட்டிய சுவர் ஒன்றுகூட வயிறு தள்ளியதில்லை. வடகவுஞ்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் எடுத்தேன். "சிலோன்காரனுக்கா?" என்று முகத்தைத் திருப்பிய மாமனார், பிறகு தன் காட்டுக்கு வரப்புக்கல் வைக்க என்னைத்தான் கூப்பிட்டார். மகன் குமாரை இன்ஜினியர் ஆக்கினேன். நான் படித்தது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், அதுவும் கூரை ஒழுகாத நாட்களில் மட்டும்.

இவ்வளவும் செய்தவன், வயதான காலத்தில் ஒரு ஓடையையும் உண்டாக்கினேன். அங்கே போன மாதம் ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். பச்சைப் பெயிண்டு, வெள்ளை எழுத்து.

"இயற்கை தானாக மீட்டுக்கொண்ட ஓடை. குப்பை போடாதீர்கள்."

தானாகவாம்!

நம் தோட்டத்து வாசகசாலை ஆண்டு மலருக்கு, "வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதுங்க" என்று நீங்கள் கேட்டு வெகுநாளாகிறது. உங்களுக்கு இந்தியா வெளிநாடு. எனக்கு எது வெளிநாடு என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. இந்தப் போர்டைப் பார்த்தபிறகுதான் பேனாவை எடுத்தேன்.

2

இங்கே வெள்ளனே எழுந்து நடப்பதுதான் இப்போது என் சோலி. பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். மேகம் ரோட்டிலேயே இறங்கிக் கெடக்கும். முன்னால் நடக்கிற என் செருப்பே எனக்குத் தெரியாது. யூகலிப்டஸ் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் இது எந்த மலை என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. பக்கத்தில் தேயிலை இருக்கும், கை நீட்டினால் கொழுந்து படும் என்றே தோன்றும். நீட்டினால் படுவது யாரோ ஒருவர் பங்களாவின் முள்வேலி.

அந்த வேலிகளில்தான் என் அறுவடை. ஜிமிக்கி மாதிரி தொங்குகிற சிவப்புப் பூவின் ஒரு கொப்பு. சுவர் இடுக்கில் பெரணிக் குட்டி. சாக்கடை ஓரத்தில் வல்லாரை. மழை முடிந்த கையோடு புல்லுக்குள் ஒளிந்து பூக்கிற தரை ஆர்க்கிட் இருக்கிறதே, அதை மட்டும் தொடமாட்டேன். பார்த்துவிட்டு, குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு வருவேன். மற்றதையெல்லாம் சட்டைப்பையில் ஈரத்தோடு போட்டுக்கொள்வேன். வாட்ச்மேன் கேட்டால், "செத்துப்போற கொப்புதானே தம்பி, பொழைக்க வச்சிட்டுச் சொல்றேன்" என்பேன். பிழைக்க வைத்துவிட்டுப் போய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

வீட்டு முற்றம் முழுக்கப் பெயிண்டு டின்கள், ஓட்டைக் குடங்கள். இடித்த பங்களா ஒன்றிலிருந்து நான் தூக்கிவந்த வெள்ளைக்காரன் குளியல் தொட்டியில் வல்லாரை தளதளவென்று நிற்கிறது. அந்தக் கீரையில் தேங்காய் துருவிப் போட்டு நான் சம்பல் செய்தால் என் மனைவி பாக்கியம் மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது தடவை போட்டுக்கொள்வாள்.

அவள் வாய் அப்படி.

"ஏங்க, பாலு வாங்கப் போன மனுசன் களையோட வர்றீகளே, பாலு எங்க?"

"மறந்துட்டேன்."

"சட்டப்பையில என்னது நெளியுது?"

"மண்புழு. வேரோட வந்திருச்சு."

"நல்லவேளை. பாம்பு வேரோட வரல. வெரசா போய்ப் பால வாங்கிட்டு வாங்க, ஆடலூர் காப்பித்தூளு காத்துக் கெடக்கு."

அவளுக்குக் காப்பி, எனக்குத் தேத்தண்ணி. இத்தனை வருடத்தில் இந்த ஒன்றில் மட்டும் சமாதானம் ஏற்படவில்லை.

3

அந்த இடத்தைக் கண்டதும் இப்படி ஒரு நடையில்தான். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி மண்பாதை ஒன்று கீழே இறங்கும். பாதிச் சரிவில் ஒரு பள்ளம். மழைக்காலத்தில் சேற்றுத்தண்ணீர் அடித்துப் பாயும், மழை விட்டால் வறட்சி. பள்ளம் நிறைய சிப்ஸ் பாக்கெட், பியர் போத்தல், யாரோ போட்ட கிழிந்த மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைப் பூப் பூக்கிற ஒரு களை, ஆள் உயரத்துக்கு.

மெத்தைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரணி நின்றது. சின்னப் பெரணி இல்லை. மரம் மாதிரி அடி பருத்து, மேலே குடை விரிக்கிற ஜாதி. அதில் ஒரே ஒரு ஓலைதான் பச்சை. மற்றதெல்லாம் காய்ந்து தொங்கின.

நான் அந்த மெத்தை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நம் தோட்டத்தில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் இதே பெரணி நின்றது உங்களுக்குத் தெரியும். மேகம் வந்து பள்ளத்தை மூடியது. மூடின பிறகு அந்த ஒற்றைப் பச்சை ஓலை மட்டும் எங்கேயோ காற்றில் மிதக்கிற மாதிரி ஆடியது. எவ்வளவு நேரம் இருந்தேனோ, தெரியாது. வீட்டுக்குத் திரும்பும்போது பால் கடையை மூடியிருந்தார்கள்.

என் அப்பன் கான் வெட்டுக்காரர். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மலரை இங்கே என் மகனும் படிப்பான், அவனுக்காகச் சொல்கிறேன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் நேராக ஓடினால் மண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத சாய்வில் வாய்க்கால் வெட்டுவார்கள், அதுதான் கான். நடுநடுவே ஒரு குழி. தண்ணீர் குழியில் தங்கும், மண்ணை அங்கே விட்டுவிட்டு, மெல்ல அடுத்த குழிக்குப் போகும். பூமி குடித்தது போக மிச்சம்தான் வெளியே வரும். சாய்வு கொஞ்சம் கூடினால் கரை அரிக்கும், கொஞ்சம் குறைந்தால் தேங்கி உடைக்கும். அப்பன் எந்தக் கருவியும் வைக்கமாட்டார். குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எனக்கும் அதுதான் வரும்.

அலவாங்கு வாங்க பஜாருக்குப் போனேன். இத்தனை வருடம் இங்கே இருந்தும், அவசரம் வந்தால் பழைய சொல்தான் வாயில் வருகிறது.

"ஒரு அலவாங்கு குடுங்க."

கடைக்காரப் பையன் மேலேயும் கீழேயும் பார்த்தான். "லவங்கமா? அது மளிகைக்கடைங்க தாத்தா."

"கடப்பாரைடா."

"அத மொதல்லயே தமிழ்ல சொல்லலாம்ல?"

நான் பேசியதும் தமிழ்தான் என்று அவனோடு மல்லுக்கு நிற்காமல் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க, ஒரு கோடை முழுக்க, காலையில் அங்கேதான்; வீட்டில் அது நடை என்றுதான் கணக்கு. குப்பையை மூட்டை கட்டி மேலே ஏற்றினேன். மெத்தையை இழுத்துப் போட்டேன். பள்ளத்துக்கு மேலே சரிவில் குறுக்கே கான் வெட்டினேன், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. கரைக்குக் கல் அடுக்கி, இடுக்கில் பாசியும் பெரணி வேரும் திணித்தேன். சிமெண்டு ஒரு கைப்பிடி இல்லை. பாசி பிடித்தால்தான் கல் ஒன்றையொன்று விடாது. அடுத்த மழையில் சேறு வரவில்லை. அதற்கடுத்த கோடையில் பள்ளத்தின் அடியில் ஒரு இடம் ஈரமாகவே இருந்தது. ஒருநாள் காலை மேகத்துக்குள்ளே நின்று கேட்கிறேன், யாரோ மெதுவாகப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஊற்று.

பெரணி குடை விரித்தது. அதன் காலடியில் ரோஸ் நிறத்தில் காட்டுக் காசித்தும்பை வந்தது. நான் விதைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். காசித்தும்பை தானாகத்தான் வந்தது.

4

எஸ்தர் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலேஜில் செடிகொடிப் பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் நடப்பார். 'நேச்சர் வாக்' என்று பெயர். நான் பின்னாலேயே போவேன். அவர் ஒவ்வொரு இலையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்க நன்றாயிருக்கும், கோயிலில் அர்ச்சனை நடக்கிற மாதிரி.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை. ஓடைக்கரையில் அழகுக்காக நான் ஒரு கொடி வைத்திருந்தேன். வட்ட இலை, ஆரஞ்சுப் பூ. பங்களா வேலியிலிருந்து கொண்டுவந்தது. டீச்சர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அண்ணே, நஸ்டர்ஷியமா? இத யாரு இங்க வச்சது? இது இந்த மண்ணு செடி இல்ல. வெளிய இருந்து வந்தது. விட்டா எல்லாத்தையும் மூடிரும்."

"வந்ததெல்லாம் போகணும்னா கொடைக்கானல்ல யாருதான் மிஞ்சுவா டீச்சர்? உங்க சர்ச்சு வெளிய இருந்து வந்தது. உருளைக்கெழங்கு வெளிய இருந்து வந்தது. நான் வெளிய இருந்து வந்தேன்."

"நீங்க யாரையும் மூடலையே அண்ணே."

"என் வீட்டுக்காரிகிட்டக் கேளுங்க, வாயத் தொறக்க விடமாட்டேங்குறேன்னு சொல்லுவா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கொடியை நானே பிடுங்கினேன். அவர் சொன்னது சரிதான், காசித்தும்பை மேலே அது ஏறத் தொடங்கியிருந்தது. இப்போது வீட்டில் ஒரு டின்னில் இருக்கிறது. அங்கே ஏறட்டும்.

5

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். டீச்சரும் அவர் கூட்டமும் டவுனில் ஒரு ஆபீஸில் எழுதிக்கொடுத்து, அனுமதி வாங்கி, அந்தப் போர்டை வைத்தார்கள். என் கண் முன்னாலேயே திறந்தார்கள். நான் கை தட்டிக்கொண்டே வாசிக்கிறேன்: தானாக.

கை அப்படியே நின்றுவிட்டது.

"டீச்சர், இது நான் வெட்டுன கான்ல வந்த தண்ணி."

டீச்சர் என் தோளைத் தட்டினார். "ஆமாண்ணே, ஆமா. கொடைக்கானல் ஏரியையே நீங்கதான வெட்டுனீங்க?"

கூட்டம் சிரித்தது. நான் சொன்னதை அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஊரில் இருக்கிற சுவரெல்லாம் நான் கட்டினது, ரோடெல்லாம் நான் போட்டது என்று வாக் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். அதெல்லாம் உண்மை. உண்மை ஒரே ஆளிடம் இவ்வளவு இருந்தால் கேட்கிறவர்களுக்குத் தாங்காது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் சொன்னேன்.

"ஊருல பாதி ஏஞ்செவுருன்னீக. இப்ப ஆறும் ஓடையுமா? கடவுளுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள்.

கோயமுத்தூரில் இருக்கிற குமாருக்குப் போன் போட்டேன்.

"ஒரு போர்டுக்கு எதுக்குப்பா டென்ஷன்? விடுங்க. அப்புறம் அப்பா, அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. சிலோன், கேம்ப்பு, கூடாரம்னு பழசெல்லாம் எடுக்காதீங்க. நேட்டிவ் கொடைக்கானல்னு சொன்னாப் போதும்."

அவன் இங்கே பிறந்தவன். அவன் சொன்னது பொய்யும் இல்லை. போனை வைத்துவிட்டு முற்றத்தில் வெகுநேரம் நின்றேன். மேகம் டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது.

மறுநாள் போர்டுக்கு அனுமதி கொடுத்த அந்த ஆபீஸுக்குப் போனேன். இந்தியாவில் ஆபீஸ் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. குடும்ப அட்டையில் பெயர் ஏற்ற நான் அலைந்த அலைச்சலைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இந்த முறை ஆள் நல்லவர். உட்காரச் சொன்னார்.

"பெரியவரே, அந்த ஓடைய நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு சொல்றீங்க?"

"ஆமாங்க. கான் வெட்டி, கல்லு அடுக்கி."

"எந்த எடத்துல வெட்டுனீங்க?"

"பள்ளத்துக்கு மேல, சரிவுல."

"அது கவர்மெண்டு எடம். யாரு பர்மிஷன் குடுத்தா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க வெட்டலைன்னு சொல்லிட்டா ஒண்ணும் இல்ல. தானா வந்ததுன்னு போர்டு சொல்லுது. போர்டு உங்களக் காப்பாத்துது. வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்கய்யா."

ஐம்பது வருடமாக இந்த நாட்டு ஆபீஸ்களில், நான் யார் என்று நிரூபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் எதையும் செய்யவில்லை என்று சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை.

6

அடுத்த நாள் வெளிச்சம் வந்ததும் கடப்பாரையோடு போனேன். யோசனை எளிது. மேல் கானின் கரையில் பாசியைச் சுரண்டினால் உள்ளே என் கல்லுக்கட்டு தெரியும். அடுக்கின கல்லுக்கும் உருண்டு வந்த கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒரு முழம் திறந்து காட்டினால் போதும்.

மேகம் கனமாக இருந்தது. நான் வெட்டின கானை நானே தேடினேன். அவ்வளவு மூடியிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடப்பாரையின் நுனியைப் பாசிக்குள் வைத்தேன். மெத்தென்று இறங்கியது. கல்லின் இடுக்கில் காசு அளவு இலையோடு என்னவோ ஒன்று வேர் பிடித்திருந்தது, எனக்குப் பெயர் தெரியாது. அதன் பக்கத்தில் சின்னத் தவளை ஒன்று கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. அடியில் தண்ணீர் நடந்துபோகிற சத்தம். என் கல் என் கைக்குத் தெரிந்தது. எதை எதன் மேல் வைத்தேன் என்பதுகூட விரலுக்குத் தெரிந்தது. கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

நெம்ப முடியவில்லை. பாவம் பார்த்து இல்லை. ஆயுசுக்கும் நான் கட்டினதை நான் பேர்த்ததில்லை. வயிறு தள்ளாத சுவரை எவனாவது பேர்ப்பானா?

மேலேயிருந்து குரல் வந்தது.

"அண்ணே! கடப்பாரையோட என்ன பண்றீங்க?"

எஸ்தர் டீச்சர், குடையோடு தனியாக நின்றார். நான் ஆபீஸுக்குப் போனது அவர் காதுக்கும் போயிருந்தது.

"சாட்சி தேடுறேன் டீச்சர்."

அவர் பாதையை விட்டு இறங்கி வந்தார். கரையைப் பார்த்தார். குனிந்தார். மேகம் கொஞ்சம் விலகிச் சரிவு முழுக்க ஈரமாக மின்னியது. டீச்சர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, அது போகிற பக்கமாக மெல்ல நடந்தார். பத்தடி போனதும் நின்றார். திரும்பிப் பார்த்தார். மறுபடி நடந்தார்.

"அண்ணே."

"சொல்லுங்க."

"சரிவு இந்தப் பக்கம் இருக்கு. தண்ணி ஏன் குறுக்கே போகுது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் ஒரு குழியைப் பார்த்தார், அடுத்த குழியைப் பார்த்தார். குடையை மடக்கிவிட்டு அங்கேயே ஈரக்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன பேரக் கூட்டிட்டு வந்து காட்டிருக்கேன். போட்டோ எடுத்து எங்கெங்கயோ அனுப்பிருக்கேன். ஒருத்தருக்கும் தெரியலையேண்ணே. இவ்வளவு நல்லா மறைச்சு வச்சா நாங்க எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"மறைக்கல டீச்சர். வேலை முடிஞ்சா அப்படித்தான் இருக்கும்."

7

டீச்சர் நேர்மையான மனுசி. போர்டை மாற்றி எழுதிவிடலாம் என்றார். இரண்டு நாள் கழித்து எழுதியும் கொண்டுவந்து காட்டினார்: "உள்ளூர் மக்களின் முயற்சியால் மீண்ட ஓடை."

"பேரு போட்டா ஆபீஸ்ல உங்களத்தான் புடிப்பாங்க. இப்படின்னா யாரையும் புடிக்க முடியாது. நீங்களும் உள்ளூர் மக்கள்தானே அண்ணே?"

பாக்கியத்துக்கு அது பிடித்திருந்தது. "பாத்தீகளா, உங்களயும் உள்ளூருன்னு எழுதிட்டாக. இன்னும் என்ன வேணும்?"

உண்மைதான். இந்த ஊரில் கால் வைத்த நாளிலிருந்து நான் கேட்க ஏங்கின சொல் அது. டீக்கடையில் சிலோன்காரர், கல்யாண வீட்டில் சிலோன்காரர், சுவர் நன்றாக இருந்தால் சிலோன்காரர் கட்டினது, கூலி கேட்டால் அந்தச் சிலோன்காரன். இன்றைக்குத்தான் உள்ளூர் ஆனேன். ஆன அன்றைக்கே ஆள் காணாமல் போய்விட்டேன். உள்ளூர் மக்களில் யார் அந்த மெத்தையை இழுத்தது? யார் கன்னத்தை மண்ணில் வைத்துச் சாய்வு பார்த்தது?

டீச்சரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். அச்சில் வரட்டும், நாலு பேர் சாட்சியாக இருக்கட்டும். போர்டில் இப்படி இருக்க வேண்டும்:

"இந்த மலைச்சரிவில் கான் வெட்டித் தண்ணீரைத் தங்க வைத்தது அட்டுவம்பட்டி மாரிமுத்து. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் தன் அப்பனிடம் இந்த வேலையைப் படித்தவர்."

சிலோன் என்ற சொல்லை எடுக்கக் கூடாது. பெண் வீட்டுக்காரர்கள் வந்து படித்தாலும் சரி. ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டால், நான்தான் வெட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நோட்டீஸ் அனுப்புவதானாலும் அனுப்பட்டும், அதிலாவது என் பெயரை ஒழுங்காக எழுதுவார்கள்.

"இயற்கை தானாக" என்று முதலில் எழுதின வரியை அழிக்க வேண்டியதில்லை. அதுவும் பாடுபட்டிருக்கிறது. அது கீழே இருக்கட்டும். மேலே என் பெயர்.